எல்லா வெப்சைட்டிலும் ஒரே வாப்பா

மும்பையில் செம்பூர் பல் வைத்தியர் ஒருவரின் வெப்சைட்டைத் திறந்தால், அத்தனை பல்லும் தெரியச் சிரிக்கிற பெரியவர் ஒருவர் இருப்பார். மாதுங்காவில் ஒரு மெஸ்ஸின் வெப்சைட்டுக்குப் போனால், அதே பெரியவர் வாழை இலை முன்னால் உட்கார்ந்து ரசத்தை உறிஞ்சிக்கொண்டிருப்பார். கல்யாண் டியூஷன் சென்டரில் கண்ணாடியும் சாக்பீஸுமாகப் போர்டு முன்னால் நிற்பார். அம்பர்நாத் நட்டு போல்ட்டு தொழிற்சாலையிலோ மஞ்சள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு முறைப்பார். இத்தனை வேலையையும் ஒரே ஆயுசில் பார்த்த அந்த மகாமேதை யார் என்று கேட்டால், தாராவியில் தோல் பை தைக்கிற நாகூர் கனி. சாயிமாவின் வாப்பா.

சாயிமாவும் ஹரிதாவும் மாதுங்காவில் ஒரே கல்லூரியில் காமர்ஸ் படித்தவர்கள். இரண்டு பேருக்கும் கணக்கு வரவே வராது என்பதில்தான் சிநேகிதமே தொடங்கியது. வகுப்பில் சாயிமா நோட்டு ஓரங்களில் எழுத்துகளை வளைத்து வளைத்து வரைவாள். பக்கத்தில் இருக்கும் ஹரிதா அதற்குக் கீழே விளம்பர வாசகம் எழுதுவாள். படிப்பு முடிந்ததும் நாகூர் கனியின் பைகளுக்கு ஒரு லேபிள் செய்து கொடுத்தார்கள். அதைப் பார்த்துப் பக்கத்துப் பட்டறைக்காரர் கேட்டார், அவரைப் பார்த்து அப்பளக்காரர் கேட்டார். இப்படியே கடை போர்டு, விசிட்டிங் கார்டு, பாக்கெட், வெப்சைட் என்று வேலை வளர்ந்தது. வாப்பாவின் பட்டறைக்கு மேலே இரும்பு ஏணி ஏறிப் போகிற அறையில் ஸ்டூடியோ போட்டார்கள். அதனால் பெயரும் மேல்மாடி ஸ்டூடியோ.

வருகிற ஆட்கள் பலதரம். கண் கண்ணாடிக் கடைக்காரரும் வருவார், கல்யாண மண்டபக்காரரும் வருவார், வீட்டில் இட்லிப் பொடி அரைத்து விற்கிற அம்மாவும் ஏணியைப் பார்த்துப் பயந்து கீழேயே நின்று குரல் கொடுப்பார். என்ன தொழிலாக இருந்தாலும், எவ்வளவு பேசினாலும், கடைசியில் எல்லோரும் வந்து நிற்கிற இடம் ஒன்றே: "லோகோவை இன்னும் கொஞ்சம் பெரிசு பண்ணுங்க." சாயிமாவும் சரியென்று தலையாட்டி, நூல் அளவு பெரிசு பண்ணி அனுப்புவாள். அவர்களும் இப்பத்தான் பிரமாதம் என்பார்கள்.

இன்னொரு விஷயத்திலும் எல்லோரும் ஒற்றுமை. இன்டர்நெட்டில் கிடைக்கிற வெள்ளைக்காரர் படங்களைப் போட்டால் பிடிக்காது. "நம்ம ஆளுங்க மாதிரி யாராவது போடுங்க மேடம்" என்பார்கள். மாடலைக் கூப்பிட அவர்களிடமும் வசதி கிடையாது, இவர்களிடமும் கிடையாது. நம்ம ஆளுக்கு எங்கே போவது? கீழேதான் ஒருவர் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாரே.

சாயிமா பலகைத் தரையில் காலால் தட்டினால் கீழே மெஷின் சத்தம் நிற்கும். வாப்பா ஏணியேறி வந்து, கையிலிருக்கும் நூலைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, "இன்னைக்கு நான் யாருளா?" என்பார்.

அந்த வேலையை அவர் விளையாட்டாக எடுத்துக்கொண்டதே இல்லை. டியூஷன் சென்டருக்குப் போஸ் கொடுக்கும்போது, என்ன பாடம் நடத்துகிறோம் என்று தெரியாமல் வாயைத் திறக்க மாட்டேன் என்று அடம் பிடித்தார். பூகோளம் என்று ஹரிதா சொன்ன பிறகுதான் முகத்தில் வாத்தியார் களை வந்தது. ஹெல்மெட் படத்துக்குக் கொஞ்சம் சிரியுங்கள் என்றால், "ஓடுத மெஷின் பக்கத்துல நின்னு எவன்மா சிரிப்பான்? விரலு போயிரும்" என்று மறுத்துவிட்டார். அந்த முறைப்பைப் பார்த்துத்தான் தொழிற்சாலைக்காரருக்கு வெப்சைட்டே பிடித்துப்போனது.

இதில் ஹரிதா ஒரு கண்டிப்பு வைத்திருந்தாள். முகத்தைக் கடன் கொடுக்கலாம், பெயரைக் கொடுக்கக் கூடாது. அனுபவமிக்க ஆசிரியர், குணமடைந்த நோயாளி என்றெல்லாம் கீழே எழுதச் சொன்னால் முடியாது என்று சொல்லிவிட வேண்டும். "சிரிக்கிறது பொய்யில்லை. கீழ ஒரு வரி எழுதினா அது பொய்" என்பாள். நல்ல கண்டிப்புதான். அது ஒரே ஒரு தடவை நழுவியது. நழுவிய இடம்தான் வினை.

செம்பூரில் இருக்கும் சாய்நாத், டூர் நடத்துகிறவர். வயதான தம்பதிகளை பஸ்ஸில் மகாபலேஷ்வர் குளிர்மலைக்குக் கூட்டிப்போய்க் காட்டித் திரும்பக் கொண்டுவந்து விடுவது அவர் தொழில். அவருக்கு ஒரு ஜோடி வேண்டியிருந்தது. வாப்பா தயார். ஜோடிக்கு, ஹரிதாவின் அத்தை அகிலாண்டம் மாமியைக் கேட்டார்கள். ஆபீஸிலிருந்து ரிட்டயர் ஆகி, மாதுங்காவில் பொழுது போகாமல் இருந்த மாமி, பட்டுப்புடவையும் ஸ்வெட்டரும் குல்லாவுமாக வந்து நின்றுவிட்டார். மாதுங்கா ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவில் மரங்களுக்கு அடியில், மே மாத வெயிலில், இரண்டு பேரும் குளிரில் நடுங்குவதாக நடித்தார்கள். படம் அபாரமாக வந்தது.

உம்மா மர்யமைக் கேட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். சாயிமாவுக்குத் தோன்றவில்லை. உம்மா கல்யாண வீட்டு வீடியோவிலேயே முக்காட்டை இழுத்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர். கேட்டால் மாட்டேன் என்றுதான் சொல்லுவார் என்று இவளே முடிவு கட்டிக்கொண்டாள்.

வெப்சைட்டைச் சாய்நாத்திடம் ஒப்படைத்த பிறகு ஒரு நாள் அவர் போன் செய்தார். "மேடம், அந்த ஃபோட்டோல இருக்கற சார் பேரு என்ன?" சாயிமா அப்போது இட்லிப் பொடி பாக்கெட்டின் பச்சை நிறத்தோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். "நாகூர் கனி சார். இங்க தாராவிதான்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள். எதற்குக் கேட்கிறீர்கள் என்று கேட்கவில்லை. ஒப்படைத்த வெப்சைட்டைத் திரும்பிப் பார்க்கிற வழக்கம் அவளுக்கு ஒருநாளும் கிடையாது.

சாய்நாத் படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் போட்டார்: "மிஸ்டர் அண்ட் மிஸஸ் நாகூர் கனி, தாராவி. இல்லறத்தில் முப்பது வருடம், இன்னும் தேனிலவு!"

இந்தச் சமயத்தில்தான் பைசான் வீட்டிலிருந்து பேச்சு வந்தது. பைசானின் வாப்பா கரீம் பாட்சா மாஹிமில் பேக்கரி வைத்திருப்பவர். இரண்டு குடும்பமும் திருநெல்வேலிப் பக்கம். சாயிமாவை ஏற்கெனவே சில வீட்டார் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் இந்தக் கம்ப்யூட்டர் வேலை உண்டா என்று எல்லா வீட்டிலும் கேட்டார்கள், கேட்ட விதத்திலேயே பதிலும் இருந்தது. பைசான் அதைக் கேட்கவில்லை. ஸ்டூடியோவைப் பார்க்கலாமா என்றான். இரும்பு ஏணியேறி, மேலே உத்தரத்தில் நெற்றியை இடித்துக்கொண்டு, தடவிக்கொண்டே சுவரில் ஒட்டியிருந்த அப்பளப் பாக்கெட் டிசைன்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். "இதுல மஞ்சளுக்குப் பதிலா ஏன் ஊதா போட்டீங்க?" என்று கேட்டான். மற்ற அப்பளமெல்லாம் மஞ்சள், கடையில் தனியாகத் தெரிய வேண்டாமா என்றாள் இவள். அவன் இன்னும் கொஞ்ச நேரம் அந்த ஊதாவையே பார்த்துக்கொண்டிருந்தான். சாயிமாவுக்கு அவனைப் பிடித்துவிட்டது. சும்மா இல்லை, நன்றாகவே பிடித்துவிட்டது. தேதி குறிக்கிறது மட்டும்தான் பாக்கி.

கல்யாண் ஊரில் இருக்கும் கரீம் பாட்சாவின் தங்கைக்கு மகாபலேஷ்வர் போக ஆசை வந்தது. போனில் தேடினார். சம்பந்தம் பேசிய வீட்டுக்கு வந்து பிரியாணி சாப்பிட்டுப் போனவர் அவர். நாகூர் கனியின் முகம் மறக்குமா? ஆனால் பக்கத்தில் நிற்பது மர்யம் இல்லையே. குல்லா போட்ட யாரோ ஒரு பெண்பிள்ளை. கீழே மிஸஸ் என்று வேறு எழுதியிருக்கிறது. படத்தை அப்படியே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்.

அவ்வளவுதான், குரூப் பற்றிக்கொண்டது. மாப்பிள்ளை வீட்டு இளவட்டம் முழுக்க அன்றைக்கு வேலையை விட்டுவிட்டு நாகூர் கனியைத் தேடியது. ஒருவன் பல் வைத்தியரைக் கண்டுபிடித்தான், இன்னொருத்தி ஹெல்மெட்டை. டியூஷன் சென்டர் படத்தைப் போட்டு, "பெரியவர் மாஸ்டரா?" என்றான் ஒருவன். "மெஸ்ல சாப்புடுதாரு, அப்ப ரெண்டாவது குடும்பம் மாதுங்கால" என்று துப்பு துலக்கினான் மற்றொருவன்.

பைசான் சாயிமாவுக்கு போன் செய்தபோது அவனுக்குச் சிரிப்பும் கவலையும் ஒன்றாக வந்துகொண்டிருந்தது. "எனக்குப் புரியுது சாயிமா. நான் சொல்லிப் பாத்தேன். எங்க வாப்பா கேக்க மாட்டேங்குறாங்க. ஞாயித்துக்கிழமை நேர்ல வராங்க. சும்மா வரலை, சம்பந்தத்தை முறிச்சுக்கிட்டுப் போயிரலாம்னு வராங்க."

சாயிமா சாய்நாத்தின் வெப்சைட்டை அப்போதுதான் திறந்து பார்த்தாள். அந்த வரியைப் படித்ததும் ஹரிதாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். வாப்பாவுக்குத் தெரிந்தபோது அவர் முதலில் சொன்னது, "படம் நல்லாத்தானே வந்திருக்கு." அடுத்த நிமிஷம் விஷயம் உறைத்து, பட்டறை ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உம்மா போனை வாங்கிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார், அரிசி களையப் போய்விட்டார். உம்மாவுக்குக் கோபமில்லை என்று சாயிமா நிம்மதியானாள். பெண்பிள்ளைக்கு டிசைன் தெரிந்த அளவுக்கு உம்மாவைத் தெரியவில்லை, வேறென்ன சொல்ல.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து கரீம் பாட்சா வந்தார். கூடவே மனைவியும் பைசானும். வாசலில் ஸலாம் சொன்னதோடு சரி, குடிக்கக் கொடுத்த ரோஸ்மில்க்கைத் தொடவில்லை. போனை எடுத்து நீட்டினார்.

"இது யாரு, நீங்களா?"

"நாந்தான்" என்றார் நாகூர் கனி.

"இந்தப் பல்லு?"

"அதுவும் நாந்தான். பல்லு என் சொந்தப் பல்லு, ஒரு கலப்படமும் கிடையாது."

"இந்த வாத்தியாரு?"

"பூகோளம்" என்று வாப்பா வாய் தவறிச் சொல்லிவிட்டார். சாயிமாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அவள் லேப்டாப்பைத் திறந்து, அன்றைக்கு எடுத்த எல்லாப் படங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டினாள். மாமி குல்லாவைச் சரிசெய்வது, வாப்பா வியர்வையைத் துடைப்பது, எல்லாம். கரீம் பாட்சா பொறுமையாகப் பார்த்தார். பிறகு மெதுவாகத்தான் கேட்டார்.

"ஏம்மா, நீ காட்டுதது எல்லாம் படம். நான் கேக்க வந்ததும் ஒரு படத்தைப் பத்தி. வெயில்ல நின்னுக்கிட்டுக் குளிருதுன்னு காட்டுத வீட்டுல, எந்தப் படத்தை நம்பி நான் எம் மவனுக்குப் பொண்ணு எடுக்க?"

சாயிமா லேப்டாப்பை மூடினாள். அவர் கேட்டதில் கோணல் எதுவும் இல்லை என்பதுதான் அவளை வாட்டியது. பைசானைப் பார்க்கவும் பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஹரிதாவும், அவள் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு அகிலாண்டம் மாமியும். விஷயம் கேள்விப்பட்டதிலிருந்து மாமி தூங்கவில்லையாம். உட்காரச் சொல்வதற்குள் பேச ஆரம்பித்தார்.

"நான்தான் அந்த ஃபோட்டோல இருக்கறவ. நன்னாப் பாத்துக்கோங்கோ. எனக்குக் கல்யாணமாகிப் பேரன் இருக்கான். அந்த ஃபோட்டோ எடுக்கறச்சே எங்காத்துக்காரர் எதுத்தாப்பல தெர்மாகோல் பலகையைப் பிடிச்சுண்டு நின்னார். மூஞ்சில வெளிச்சம் விழணுமாம். தன் பொண்டாட்டியை இன்னொருத்தர் பக்கத்துல நிக்கவெச்சு வெளிச்சம் காட்டின மனுஷன் பாம்பேலேயே அவர் ஒருத்தர்தான். வேணும்னா அழைச்சுண்டு வரேன், கேட்டேளா?"

பைசான் சிரிப்பை அடக்க இருமினான். கரீம் பாட்சாவின் மீசையும் ஒரு கணம் அசைந்தது. ஆனாலும் அவர் விடவில்லை. "நீங்க பெரியவங்க, உங்களைத் தப்பா சொல்லல. ஆனா நீங்களும் இவங்களுக்கு வேண்டியவங்கதானம்மா" என்றார். எழுந்திருக்கப் போகிறவர்போலக் கையை முழங்காலில் ஊன்றினார்.

அடுப்படித் திரை விலகியது. மர்யம் வந்து நின்றார். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அதிகம் பேசாதவர். அன்றைக்கு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நேராகப் பார்த்தார்.

"சம்பந்தி, இந்த அம்மா மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. கோவமெல்லாம் எம் புருசன் மேலயும் எம் மவ மேலயுந்தான். நிக்காஹ் ஆகி இத்தனை வருசத்துல என்னைய ஒரு இடம் கூட்டிட்டுப் போனதில்ல இந்த மனுசன். இங்க பக்கத்துல இருக்குத லோனாவலா மலை கூடப் பாத்ததில்ல நான். தைக்கணும், தைக்கணும், எப்பவும் தையலு. சரி, நிசத்துலதான் இல்ல, படத்துலயாவது கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல? அதுலயும் வேற ஆளு." மகள் பக்கம் திரும்பினார். "ஏளா, புருசன் பொண்டாட்டி படம்னா எனக்குத்தானளா அந்த எடம்? ஒரு வார்த்தை கேட்டியா நீ? மாட்டேன்னு நான் சொல்லியிருந்தா சரி. கேக்கவே இல்லியே."

சொல்லிவிட்டு முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். நாகூர் கனி தரையைப் பார்த்தார். அகிலாண்டம் மாமி எழுந்துபோய் மர்யமின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது ஒரு குரல் கேட்டது. கரீம் பாட்சாவின் மனைவி, பக்கத்திலிருந்தவருக்கு மட்டும் கேட்கும்படி நினைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "என்னையுந்தான் எங்கயும் கூட்டிட்டுப் போனதில்ல. எப்பப் பாத்தாலும் பேக்கரி."

கரீம் பாட்சா போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டார். ஜில்லென்பது போய் நுரையடங்கியிருந்த ரோஸ்மில்க்கை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

"இன்னொரு குடும்பம் இருக்குத வீட்டுல பொம்பளை இதுக்கா அழுவா?" என்றார் நாகூர் கனியிடம். "எனக்கு வேற சாட்சி வேண்டாம் சம்பந்தி. தேதியைப் பாருங்க. நாம ரெண்டு பேரும் இதைப் பத்தி அப்புறமா தனியாப் பேசுவோம். எம் வீட்டுலயும் லஃப்டா, பெரிய தகராறே ஆயிரும் போல."

அன்றைக்கே தேதி குறித்தாகிவிட்டது. பைசான் போகும்போது சாயிமாவைப் பார்த்து நெற்றியைத் தடவிக் காட்டினான். அவளுக்குச் சிரிக்கவும் முடியவில்லை, உம்மா முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. கல்யாணம் நின்றுவிடுமோ என்று மட்டுமே இத்தனை நாள் பயந்திருந்தாள். பக்கத்து அறையில் இருந்த உம்மாவின் மனத்தாங்கல் அவள் கண்ணில் படவே இல்லை. அவ்வளவு வெட்கம் அவள் பட்டதில்லை.

ராத்திரிச் சோறு போடும்போது, "உம்மா, படம் எடுக்க வாரியளா?" என்று கேட்டாள். மாட்டேன் என்பார் என்று அப்போதும் உள்ளுக்குள் ஒரு எண்ணம். "எந்தச் சேலை உடுத்தட்டும்?" என்றார் மர்யம்.

மறுபடி ஃபைவ் கார்டன்ஸ், மறுபடி அதே மரம். இந்தத் தடவை தெர்மாகோல் பிடித்தவர் அகிலாண்டம் மாமி. மர்யம் நீலச் சேலையும் பூப்போட்ட முக்காடுமாக வந்து, கேமராவை நேராகப் பார்த்து நின்றுகொண்டார். ஒரு கூச்சமும் இல்லை. கூச்சமெல்லாம் நாகூர் கனிக்குத்தான். பல் வைத்தியரிடம் சிரித்தவர், மெஸ்ஸில் ரசம் உறிஞ்சியவர், சொந்தப் பெண்டாட்டி பக்கத்தில் நிற்கச் சொன்னதும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தார். முதுகில் கட்டினார், பையில் விட்டார், கடைசியில் போஸுக்காகக் கொண்டுவந்த பயணப் பெட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "வாப்பா, உம்மாவைப் பாருங்க" என்று சாயிமா கத்தினாள். ஓரக்கண்ணால் ஒரு தடவை பார்த்தார், காதுவரை சிவந்துவிட்டார். "என்ன, என்னையத்தானே பாக்கச் சொல்லுதா" என்று மர்யம் சிரித்தார். அந்த நொடியில் ஹரிதா படத்தை எடுத்துவிட்டாள். கொஞ்சம் கலங்கலாகத்தான் வந்தது. ஒன்றையும் திருத்தக் கூடாது என்று இருவரும் முடிவு செய்தார்கள்.

பழைய படத்துக்குப் பதிலாக அனுப்பிய இந்தப் படம் சாய்நாத்துக்குப் பிடிக்கவில்லை. போனில் தயங்கித் தயங்கிச் சொன்னார். "மேடம், பழைய ஜோடிதான் பக்காவா புருஷன் பொண்டாட்டி மாதிரி இருந்தாங்க. இவங்களைப் பாத்தா இப்பத்தான் முதல் தடவை ஒருத்தரை ஒருத்தர் பாக்குற மாதிரி இருக்கு."

வேறு சமயமாக இருந்தால் சாயிமா சரி என்று தலையாட்டியிருப்பாள். "உங்க டூரு எதுக்கு சார்? இத்தனை வருஷம் கழிச்சு முதல் தடவை ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கத்தானே?" என்றாள்.

சாய்நாத் அந்த வரியை ஒரு தடவை முணுமுணுத்துப் பார்த்தார். "அதையே மேல எழுதிருங்க மேடம்" என்றார் சாய்நாத். "லோகோவை மட்டும் கொஞ்சம் பெரிசா."

வெப்சைட்டில் படம் ஏறிய அன்று சாயிமா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினாள். பட்டறையில் வாப்பா தைத்துக்கொண்டிருந்தார். டீ கொண்டுவந்த உம்மா பக்கத்தில் நின்றார். மர்யம் திரையைப் பார்த்தார். மகளின் கன்னத்தைத் தட்டி, நல்லாயிருக்கு என்றார். அவ்வளவோடு அவருக்குப் படம் முடிந்துவிட்டது.

"படத்துல போயாச்சு" என்றார் கணவரிடம். "நிசமா எப்ப?"

நாகூர் கனி மெஷினை நிறுத்தினார். பாதி தைத்த பையை ஓரமாக வைத்தார். கல்யாண வேலை இருக்கிறது, ஆர்டர் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தவர், பெண்டாட்டி முகத்தைப் பார்த்து, வாயை மூடிக்கொண்டார்.

"அந்த பஸ்காரன் நம்பரைப் போடுளா" என்றார் மகளிடம். "நானே பேசுதேன். ஜன்னல் பக்கம் சீட்டு உங்க உம்மாவுக்கு."